தியேட்டருக்குள் வராத கை

சில வருஷங்களுக்கு முன் ஒரு கலைச்சொல் குழுவினர் எனக்கு ஒரு கட்டு ஆங்கிலச் சொற்களை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் தமிழ் எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியாருக்குப் பொழுது போக அது ஒரு வேலை. 'தியேட்டர்' என்ற சொல் வந்தது. நாடகக் கொட்டகை, படக் கொட்டகை, கல்லூரியில் பெஞ்சுகள் படிப்படியாக உயர்ந்து போகும் பாட மண்டபம், ஆஸ்பத்திரியில் அறுவை செய்யும் அறை, யுத்தம் நடக்கும் பிரதேசம் என்று எழுதினேன். மூலம் கிரேக்கம், 'பார்க்கும் இடம்' என்பது பொருள் என்றும் சேர்த்தேன். அடுத்த சொல்லுக்குப் போக முடியவில்லை. நான் எழுதியிருந்த இடங்களில் எல்லாம் ஒரே மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் என் சிநேகிதன். நல்ல சர்ஜன். அவன் கையில் கத்தி இருக்கக் கூடாது என்று முதலில் சொன்னவன் நான். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எங்கள் வீடு வலியசாலை அக்கிரகாரத்தில். அப்பா வஞ்சியூர்க் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். அவன் பாறசாலைக்குத் தெற்கே இருந்து வந்தவன். தகப்பனார் மிஷன் சபையில் உபதேசியார். கல்லூரியில் ரசாயன வகுப்பு நடக்கும் மண்டபத்தைப் பேராசிரியர் 'லெக்சர் தியேட்டர்' என்பார். அங்கே மேல் வரிசையில் எனக்கு அடுத்த இடம் அவனுக்கு. முதல் வாரம் முழுவதும் நான் நடுவில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த வாரம் அவன் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

"இது சும்மாதானே கெடக்கு வே? நீ படிக்கதுக்குக் கொண்டுவரல, வேலி கெட்டக் கொண்டுவந்தது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலி அன்றோடு போயிற்று. அப்படித்தான் நான் நம்பினேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் எனக்கு வகுப்பிலேயே குளிர்காய்ச்சல் வந்து மயக்கம் போட்டது. அவன் என்னை ஒரு ரிக்ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தான். எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீடுகளுக்குப் பின்னால் கிள்ளியாற்றுப் பக்கம் போகும் சந்து வழியாக வந்து, கொல்லைக் கதவு வரை என்னைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். அம்மா என்னைப் பிடித்து உள்ளே படுக்க வைத்துவிட்டுக் கொல்லைக் கதவுக்குத் திரும்பிப் போனாள். அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து உயரத்தில் இருந்து ஊற்றினாள். அவன் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தான். அந்தக் காலத்தில் அதுதான் முறை. அவளும் தப்பாக நினைக்கவில்லை, அவனும் முகம் சுளிக்கவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு அம்மா சொன்னாள். "யாருடா அந்தப் பிள்ளையாண்டான்? ஒரு சொம்பு மோரும் குடிச்சான், கேட்டியோ, ஒரு சொட்டு கீழே சிந்தல்லே. என்ன ஒரு நிதானம் அந்தக் கைக்கு!"

நாடகக் கம்பெனிகள் தெற்கே இருந்து வந்து தகரக் கொட்டகை போட்டு மாசக் கணக்கில் ஆடிய காலம் அது. நானும் அவனும் பெஞ்சு டிக்கெட்டில் போவோம். பாட்டுக்கு நான் தலையாட்டுவேன். அவன் வேஷக்காரர்களின் நடையைப் பார்த்து, "அந்த ராசாவுக்கு இடுப்புல வாயு புடிச்சிருக்கு, பாத்தியா, எடதுகால ஊனாம நிக்கான்" என்பான். கொட்டகைக்குள் யார் தோள் யார்மேல் படுகிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருப் பெரியவர்களே முன்வரிசையில் இருப்பார்கள், பக்கத்து நாற்காலியில் சாலைக் கடைத்தெரு வியாபாரி இருப்பார். அதற்கெல்லாம் சேர்த்துப் பரிகாரம் ஒன்று வைத்திருந்தோம். நாடகம் பார்த்துவிட்டு வருகிறவன் முன்வாசலால் வரக் கூடாது. கொல்லைக் கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அம்மா ஒரு குடம் தண்ணீரும், கழியில் தொங்கும் உலர்ந்த வேஷ்டியும் தயாராக வைத்துவிட்டுப் படுப்பாள்.

இதை அவனிடம் ஒரு நாள் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அதன்பின் தெரு முனையில் பிரியும்போதெல்லாம் சொல்வான். "நல்லா தேச்சுக் குளி வே. காதுக்குப் பொறத்தால நான் ஒட்டிட்டு இருப்பேன்."

"சீ, போடா" என்று நான் சிரிப்பேன். சிரித்துவிட்டுப் போய், காதுக்குப் பின்னால் தேய்த்துத்தான் குளிப்பேன்.

அவன் சென்னைக்குப் போய் வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கி, எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கே உதவி சர்ஜனாக வந்தான். நான் அதற்குள் வாத்தியாராகியிருந்தேன். சாயங்காலம் சந்தித்தால், "இன்னைக்குத் தியேட்டர் உண்டாயிருந்து" என்பான், அன்றைக்கு அறுவை இருந்தது என்பதற்கு. இதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா, "அங்கேயும் டிக்கெட் உண்டோ? பாட்டெல்லாம் உண்டோ?" என்று கேட்டாள். அவனிடம் சொன்னேன். "பாட்டு உண்டு, நோயாளிதான் பாடணும்னு அம்மைட்ட சொல்லு" என்றான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுவரை இருவரும் நேரில் பார்த்தது கொல்லைக் கதவில் அந்த ஒரு நாள்தான். இருந்தாலும் என் வழியாக அவர்களுக்குள் இப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வீட்டுக்குள் அதை யாரிடமும் சொல்லாமல் மாசக் கணக்கில் மறைத்து வைத்திருந்தாள். புடவைக் கொசுவம் நிற்காமல் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவன்தான் பார்த்தான். வயிற்றில் கை வைக்கும்முன், "அம்மா, தொடட்டா?" என்று கேட்டான்.

"ஆபத்துக்குத் தோஷமில்லே. நன்னாப் பாரு" என்றாள் அம்மா. அவன் அழுத்திப் பார்த்த நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ சுலோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "இவனே அறுக்கட்டும்டா. மோர் சிந்தாத கை. தெரிஞ்ச கை."

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்கு வயசாகிவிட்டிருந்தது. இந்த அறுவையை அவனே தனியாகச் செய்யட்டும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். அதுவரை அவன் அவர் பக்கத்தில் நின்று உதவியவன். இதுதான் அவன் பொறுப்பில் நடக்கப்போகும் முதல் பெரிய அறுவை. எனக்கு அதைச் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"இது நல்லா நடந்தா பொறவு என்னை ஒதுக்கி நிறுத்த மாட்டாங்க வே. ஒனக்க அம்மைக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கிடுவேன்."

அவனுக்கு அந்த அறுவை எதுவாக இருந்தது என்று எனக்கு முழுக்கத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

அப்போது என் தங்கைக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். ஆசாரமான குடும்பம். அறுவைக்கு முந்தின நாள் எதிர்வீட்டு மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏண்டா, அம்மாவுக்கு யாரு கத்தி வைக்கப் போறா?"

"இன்னும் தெரியல்லே மாமா."

"தெரியல்லையா? நன்னாயிருக்கு! கத்தி வயத்துக்குள்ளே போறது. யார் கை, என்னன்னு கேட்டுக்க வேண்டாமோ? நீ படிச்சவன், உனக்கு மனசிலாகாததா?"

அவர் அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை, சம்பந்திகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. "நீயே பேசிக்கோடா" என்று எல்லாவற்றையும் என்னிடம் விட்டிருந்தார். வீட்டில் யாரும் எதிர்க்காத ஒன்றை நானாகவே எதிர்க்கக் கிளம்பினேன். சட்டையை மாட்டிக்கொண்டு பெரிய டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

நல்ல ஆங்கிலத்தில் பேசினேன். எங்கள் தெரு பழைய வழக்கங்கள் உள்ள தெரு, இதில் என் சொந்த அபிப்பிராயம் வேறு, ஆனாலும் அறுவையைத் தாங்களே செய்தால் குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் கை முன்போல இல்லை. அவன் என்னைவிட நன்றாகச் செய்வான்" என்றார்.

குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்று மறுபடியும் சொன்னேன்.

"இது உங்கள் தாயாரின் விருப்பமா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் இத்தனை பாராவாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். என் பயத்துக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவன் தியேட்டர் வாசலில் இல்லை. வேறு வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது அவள் கண் அங்குமிங்கும் தேடிற்று. "உள்ளே இருக்கானோ?" என்றாள். "இருக்கான்மா" என்றேன். குளோரோபாரம் கொடுத்த பின் அவளுக்கு யார் முகமும் தெரியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் காயம் நீளம். ஒரு பக்கம் சீழ் வைத்து ஆற வெகுநாள் ஆயிற்று. ஆறிய பிறகும் தழும்பு இழுத்துக்கொண்டு, அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தாள். குடம் தூக்கினால் வலிக்கும். வலிக்கும்போது, "அவன் என்ன பண்ணுவான் பாவம், கட்டி அப்படி இருந்திருக்கும்" என்று அவனுக்காகப் பரிந்து பேசுவாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் நேந்திரங்காய் வாங்கிவரச் சொல்லி, அடுப்பெதிரே உட்கார்ந்து உப்பேரி வறுத்து ஒரு தகர டப்பா நிறைய அடைத்தாள். "அறுத்த கைக்கு நான் வேறென்ன குடுப்பேன்? கொண்டுபோய்க் குடுடா" என்றாள்.

கொண்டுபோனேன்.

"என்ன இது?" என்றான் அவன்.

"அம்மா குடுத்தா."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

டப்பாவைத் திறந்தான். ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே வெகுநேரம் என்னைப் பார்த்தான். அறுவையைப் பற்றி அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் தயாராக இருந்தது. அவன் கேட்கவில்லை. "அம்மைட்ட நல்லாருக்குன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னான்.

தங்கை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தி வீட்டார் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆனால் நான் திறந்துவிட்ட வழியில் மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் இருந்து ஒருவர், கோட்டைக்குள் இருந்து ஒருவர், பெரிய மலையாளத் தறவாட்டுக் குடும்பங்களில் இருந்து சிலர். "அந்த வாத்தியார் அம்மாவுக்குச் செய்து கொடுத்தீர்களே" என்று பெரிய டாக்டரிடம் கேட்டார்கள். அவர் சண்டை வேண்டாதவர். மெல்ல மெல்ல அவனுக்குத் தியேட்டரில் வேலை இல்லாமல் போயிற்று. கட்டி கீறுவதும், புண்ணுக்கு மருந்து வைப்பதும், பிரேதப் பரிசோதனையும்தான் அவன் பங்கு. அதை அவன் எனக்குச் சொன்ன விதம் இப்போதும் காதில் இருக்கிறது. "செத்தவங்க ரொம்ப மரியாதக்காரங்க வே. அறுக்கது யாருன்னு ஒருத்தரும் கேக்கதில்ல." அதற்கும் நான் சிரித்தேன்.

அடுத்த சில வருஷங்களில் கோயில்களின் வாசல் எல்லா ஜாதி இந்துக்களுக்கும் திறந்தது. எங்கள் தெருவிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்றாயிற்று. அறுவை அறையின் வாசல் மட்டும் அவனுக்குத் திறக்கவில்லை. அங்கே யாரும் எதையும் மூடியதாகச் சொல்லியிருக்கவில்லை, ஆகையால் திறக்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனைப் பொன்முடி அடிவாரத்தில் ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு மாற்றினார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கும் வேலை. மேஜைகூடச் சரியாக இல்லாத இடம். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அவன் ஒரு வாழைத்தண்டைக் கீறி, கீறியதைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"கை மறந்துபோவும் கேட்டியா" என்றான்.

அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

யுத்தம் வந்ததும் அவன் ராணுவ வைத்தியப் படையில் சேர்ந்துவிட்டான். பத்திரிகைகளில் 'பர்மா தியேட்டர்' என்று போடுவார்கள். அந்தத் தலைப்பைக் கண்டால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன், அம்மா திருப்ப விடமாட்டாள். "அவன் இருக்கற ஊர் இன்னிக்கு என்ன ஆச்சு, படி" என்பாள். அவள் சாகும்வரை அவனுக்காக மண்ணாறசாலைப் பாம்புக் கோயிலுக்கும் பழவங்காடிப் பிள்ளையாருக்கும் வேண்டிக்கொண்டிருந்தாள். யுத்தம் முடியுமுன் போய்விட்டாள். தன் வயிற்றைக் கீறியது அவன் கைதான் என்று நம்பிக்கொண்டே போனாள்.

அவன் திரும்பி வந்து தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பஸ் ஏறிப் போனேன். அம்மா போன பிறகு இனிப் பொய்யைக் காப்பாற்றி என்ன என்ற எண்ணம். ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். தியேட்டருக்கு வெளியே வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து வந்தான். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "எந்தக் காத்து அடிச்சு வே இங்க கொண்டு தள்ளிச்சு?" என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாள் முழுக்க யோசித்து வைத்திருந்த முன்னுரை ஒன்றும் வரவில்லை. அம்மா அறுவைக்கு நீ வேண்டாம் என்று பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னது நான் என்றேன்.

அவன் ஆச்சரியப்படவில்லை. "வேண்டாம்னு சொன்னது எனக்கு அன்னைக்கே தெரியும். பெரிய டாக்டர் சொன்னாரு. அம்மைக்கு இஷ்டமில்லைன்னு. பழைய ஆளுங்க, பயம் இருக்கும். நான் அதை மனசுல வைக்கல."

"அம்மா சொல்லல்லேடா" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா நீதான் அறுக்கணும்னு சொன்னா. மோர் சிந்தாத கைன்னு சொன்னா. நான்தான் அவ பேரைச் சொன்னேன். அவளுக்குக் கடைசிவரை தெரியாது. நீதான் அறுத்தேன்னு நெனச்சிண்டே போய்ட்டா."

வராந்தாவில் ஒரு நோயாளியின் மனைவி கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த உப்பேரி?" என்றான்.

"அறுத்த கைக்குன்னு குடுத்தா."

"நான் வேற மாதிரி நெனச்சேன் வே. வேண்டாம்னு சொன்ன அம்மை, சமாதானத்துக்குக் குடுத்து விட்டிருக்கான்னு. இத்தன வருசமும் அந்த அம்மைக்கு நான் மாப்பு குடுத்துட்டு இருந்தேன். குடுக்க வேண்டிய ஆளு பக்கத்துலயே இருந்திருக்கு. உப்பேரியும் கொண்டுவந்து தந்திருக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. நான் கேட்கவும் விடவில்லை. அது சரிதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அவன் கேட்டது வேறு.

"தழும்பு எப்படி இருந்தது? நேரா இருந்துதா?"

"இல்லை. சீழ் வைச்சுது. இழுத்துண்டு ஒரு பக்கமா சாஞ்சுதான் நடப்பா."

"வலி உண்டா?"

"உண்டு. குடம் தூக்கினா."

"எங்கேருந்து எதுவரைக்கும் கீறியிருந்தது?"

அம்மா சொல்லிக் கேட்டிருந்ததை வைத்து, என் வேஷ்டிக்கு மேல் கையால் நீளத்தைக் காட்டினேன். அவன் தலையைக் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பெஞ்சுப் பலகையில், கட்டைவிரல் நகத்தை அழுத்தி ஒரு கோடு இழுத்தான். கை துளியும் நடுங்கவில்லை. கோடு நேராக இருந்தது, நீளம் நான் காட்டியதில் பாதிகூட இல்லை.

"இவ்வளவு போதும் வே" என்றான். "அம்மை நிமிந்து நடந்திருப்பா."

உள்ளே இருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அடுத்த நோயாளியைப் படுக்க வைத்துவிட்டார்களாம். அவன் எழுந்து, என்னைப் பார்க்காமல், கை கழுவப் போனான்.